மூன்று மாதத்தில் ஐந்து கேர்டேக்கர்: ஏஜென்சியை விட்டுவிடலாமா?

கவுந்தப்பாடிக்காரன்:
வணக்கமுங்க. அம்மாவுக்கு 77 வயது. ஐப்பசி மழையில் கட்டுத்தறியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஈரோட்டில் ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். சர்க்கரைக்கு இரண்டு வேளை இன்சுலின். இருப்பது தோட்டத்துச் சாளையில். எனக்கு வேலை திருப்பூரில், பனியன் கம்பெனியில் கணக்கு. அங்கே வரச் சொன்னால், "ஜன்னலத் தொறந்தா அடுத்த வீட்டு ஜன்னலு, அங்க நான் என்னத்தப் பாக்கறது?" என்கிறார்.

கோவை ஏஜென்சி ஒன்றின் மூலம் கூடவே தங்கும் ஆள் வைத்தோம். பதிவுக்கு 5,000, மாதம் 27,000, ஒரு மாத அட்வான்ஸ். முதல் பெண் மூன்றாம் நாளே கிளம்பிவிட்டாள். பொழுது சாய்ந்தால் சுற்றிலும் கரும்புக்காடுதான், பயம். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டாவது ஆளுக்கு ஃபோன்தான் நோயாளி. மூன்றாவதாக வந்தவர் அந்தியூர்ப் பக்கத்து அக்கா. அம்மாவிடம் பக்குவம் கேட்டுக் கொள்ளுப்பருப்பு கடைவார், வாசல் வேப்பமரம் வரை நடக்க வைப்பார். 40 நாள் நிம்மதியாக இருந்தோம். அவரைக் கோவையில் வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். 24 மணி நேரத்தில் மாற்று ஆள் என்பதெல்லாம் பேப்பரில்தான், வந்தது ஐந்தாம் நாள். இடையில் நாலு நாள் நான் லீவு போட்டுப் பார்த்தேன். பில்லில் அந்த நாலு நாளுக்கும் காசு! வந்தவரும் ஒரு வாரம்தான் இருந்தார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன செவ்வாய் ராத்திரி, ஐந்தாவதாக வந்த பெண் ஏழு மணிக்கு ஊசி போட்டுவிட்டு, எட்டரை வரை சாப்பாடு கொடுக்கவில்லை. அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறியிருக்கிறது. தற்செயலாக வந்த பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா நாட்டுச்சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்திருக்கிறார். மிஷினில் 54. மேனேஜரைக் கேட்டால், "அவங்க அட்டெண்டர்தானுங்க, நர்ஸ் இல்லீங்களே" என்கிறார். சேரும்போது "எல்லாரும் டிரெய்னிங் எடுத்தவங்க" என்று சொன்ன அதே வாய்.

இப்போது அந்தியூர் அக்காவே ஃபோன் செய்து, "நேரா வந்துரட்டுங்களா?" என்கிறார். ஏஜென்சி ஆளை ஒரு வருடத்துக்குள் நேராக வைத்தால் இரண்டு மாதப் பணம் கட்டணும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்று அம்மா டிஸ்சார்ஜ், படிக்கவில்லை. என்ன செய்யலாமுங்க?

பெருந்துறை நர்ஸம்மா:
தம்பி, ஏஜென்சி சண்டை அப்புறம், முதலில் ஊசி. சில இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடணும், சிலதைத் தட்டு வைக்கும்போது. அம்மாவுக்கு எது என்று டாக்டரிடம் கேட்டு, ஊசி டப்பா மேலேயே எழுதி ஒட்டுங்கள். எதுவானாலும் சமையல் முடியாமல் ஊசியைத் தொடக் கூடாது. 70க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கணும். நினைவிருந்ததால் அந்தப் பெரியம்மா செய்தது சரி. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றிவிடாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். உடனே 108.

இன்னொன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பேரைக் கொடுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்ப்பார்கள், பிசியோதெரபியும் உண்டு.

ஏமாந்த கோயமுத்தூரான்:
ஃபோனில் பேசுவதை நிறுத்துங்கள், எல்லாம் மெயிலில். வராத நாலு நாள் பில், செவ்வாய் ராத்திரி நடந்தது, தேதியும் மணியும் போட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏஜென்சி கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் போட்டுவிடணும். எனக்கு நோட்டீஸ் போன ஒன்பதாம் நாளே அவர்கள் கூப்பிட்டார்கள். பாதிப் பணத்தோடு விட்டுவிட்டேன், அலைய முடியவில்லை. அந்த இரண்டு மாதக் கணக்கை மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள்.

சத்தியமங்கலத்துக்காரி:
ஆறு வருடம் இந்த வேலை பார்த்தவள் நான். நீங்கள் கட்டும் 27,000இல் எங்கள் கைக்கு 15,000 வந்தால் பெரிசு. ராத்திரி மூன்று தடவை பாத்ரூம் கூட்டிப்போய்விட்டு, காலையில் ஐந்து மணிக்கு எழணும். மாற்று ஆள் வந்தால்தான் லீவு. அந்த அக்காவை நேராக வைத்தால், ஏஜென்சிக்குப் போன காசு முழுக்க நமக்கு மிச்சம் என்று கணக்குப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் அவருக்கு விடுங்கள். அப்புறம் ஒன்று கேட்கிறேன், கோவிக்காதீங்க. அந்த ஐந்தாவது பெண்ணுக்கு ஊசி போடச் சொல்லிக் கொடுத்தது யாருங்க?

கவுந்தப்பாடிக்காரன்:
நான்தானுங்க. திருப்பூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஐந்து நிமிடம் காட்டிக்கொடுத்தேன். சாப்பாட்டைப் பற்றிச் சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டாள், நான் திட்டியதோடு சரி.

மெயில் அனுப்பிவிட்டேன். ஒப்பந்தத்தைச் சனிக்கிழமை வக்கீலிடம் காட்டுகிறேன். அந்தியூர் அக்காவிடம் 21,000மும் ஞாயிறு பகல் லீவும் பேசியிருக்கிறேன். அதுவரை நானே சாளையில், லேப்டாப்போடு. ஊசி டப்பாவில் எழுதி ஒட்டியாயிற்று. கொள்ளுப்பருப்புதான் வரவில்லை. நேற்று நான் கடைந்ததைப் பார்த்துவிட்டு, "ரசம் நல்லாருக்குது கண்ணு" என்றார் அம்மா.