ஜார்ஜ் டவுனை நடந்து பார்க்க எந்த நாள் நல்லது, எங்கே தொடங்கலாம்?

தண்டையார்பேட்டைவாசி:
மகள் கட்டடக்கலை முதல் வருடம் படிக்கிறாள். ஜார்ஜ் டவுனை நடந்தே பார்க்க வேண்டும் என்கிறாள். நான் பிறந்து வளர்ந்தது வடசென்னைதான், பாரிமுனைக்கு அடிக்கடி போவேன், ஆனால் போவது சாமான் வாங்க, வாங்கியதும் பஸ் ஏறிவிடுவேன். எது பழசு, எது பின்னால் கட்டியது என்று அவள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் அம்மாவும் கூட வருகிறார், அவருக்கு முட்டிவலி. ஞாயிற்றுக்கிழமை போகலாமா? எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது?

முத்தியால்பேட்டைக்காரன்:
சார், கிளம்புவதற்கு முன்னால் மகளிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். நீங்கள் பார்க்கப் போவது இடம் மாறிக் கட்டப்பட்ட ஊர். ஆங்கிலேயர் காலத்தில் நம்மவர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரம் (பிளாக் டவுன்) இப்போது ஐகோர்ட் இருக்கிற பக்கம், செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டி இருந்தது. 1746-ல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதில் பெரும்பகுதியை இடித்தார்கள், 1749-ல் கோட்டையைத் திரும்ப வாங்கிய ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் அடுத்த சில வருடங்களில் இடித்துவிட்டார்கள், ஏனென்றால் எதிரி வீடுகளுக்குள் பதுங்கிச் சுடாமல் இருக்கக் கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும். வீடிழந்த சனங்கள் வடக்கே முத்தியால்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் குடியேறி ஊரைத் திரும்ப எழுப்பினார்கள். அதற்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் வைத்ததே 1906-ல்தான்.

அதனால் ஐகோர்ட் மெட்ரோவில் இறங்கி முதலில் பாரி கட்டடத்துக்குப் போங்கள். அதன் ஓரத்தில் 1773-ல் நட்ட எல்லைத் தூண் ஒன்று இருக்கிறது. இதற்கும் கோட்டைக்கும் நடுவே யாரும் எதுவும் கட்டக் கூடாது என்பதற்கான தூண். பக்கத்திலேயே இத்தனை நெரிசலோடு பஸ் போகிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு ரொம்ப வருத்தம். அங்கே நின்று எதிரே ஐகோர்ட்டைப் பாருங்கள். 1892-ல் திறந்த கட்டடம், அதன் கோபுர உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. உள்ளே போகப் பாதுகாப்புக் கெடுபிடி உண்டு, வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் பூக்கடைப் பகுதியில் தேவராஜ முதலி தெரு. சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் கோவில்கள் அடுத்தடுத்து இருக்கும், பட்டணம் கோவில் என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். இவையும் ஐகோர்ட் பக்கம் ஒன்றாக இருந்த பழைய கோவிலை இடித்த பிறகு, மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று 1760-களில் கட்டிக்கொடுத்தவை. இடித்ததும் திரும்பக் கட்டியதும் ஒரே இடத்தில் புரிய வேண்டும் என்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது.

கொண்டித்தோப்பு:
ஞாயிறு வேண்டாம் என்பேன். ஷட்டர் எல்லாம் மூடியிருக்கும், அப்புறம் என்ன ஜார்ஜ் டவுன்? கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் பேப்பர், நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல், பத்ரியன் தெருவில் பூ என்று தெருவுக்கு ஒரு வியாபாரம். கோத்தவால் சாவடி மொத்தக் காய்கறி 1996-ல் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் மற்றதெல்லாம் இன்னும் இங்கேதான். கீழே கடை, மேலே வீடு, நடுவில் முற்றம் என்று எப்படிக் கட்டினார்கள் என்பது கடை திறந்திருந்தால்தானே மகளுக்குத் தெரியும்.

முத்தியால்பேட்டைக்காரன்:
நீங்கள் சொல்வது சரி, ஆனால் மத்தியானம் தட்டுவண்டிக்கும் லோடு வண்டிக்கும் நடுவே அந்தப் பாட்டியம்மா எப்படி நடப்பார்? ஞாயிறு என்றால் தலையைத் தூக்கி மாடிகளையும் மரத்தூண்களையும் நிம்மதியாகப் பார்க்கலாம்.

மண்ணடி மருமகள்:
இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது அண்ணா. சனிக்கிழமை காலையிலேயே கிளம்புங்கள். பூ மார்க்கெட் அப்போதே ஜேஜே என்று இருக்கும், கோவிலும் திறந்திருக்கும், மற்ற தெருக்களில் கூட்டம் சேரும் முன் பாதி நடந்துவிடலாம். கடை திறக்கிற நேரத்துக்கு அரண்மனைக்காரன் தெருவுக்கு வந்துவிடுங்கள். அங்கே 1772-ல் கட்டிய அர்மீனியன் சர்ச்சை மகள் கட்டாயம் பார்க்க வேண்டும், மணிக்கூண்டு தனியாக நிற்கிறது, ஆறு பெரிய மணிகள். முற்றத்தில் அர்மீனிய எழுத்தோடு கல்லறைகள். உலகத்தின் முதல் அர்மீனியப் பத்திரிகையை 1794-ல் மதராசில் அச்சடித்த ஷ்மவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறையும் அங்கேதான். உள்ளே மரநிழல் உண்டு, அம்மாவை அங்கே நன்றாக உட்காரவையுங்கள். அடுத்து தம்பு செட்டித் தெரு காளிகாம்பாள் கோவில், அங்கிருந்து மண்ணடி மெட்ரோ பக்கம்தான், கழிவறைக்கும் அதுவே வசதி.

தண்டையார்பேட்டைவாசி:
சனிக்கிழமை என்றே வைத்துக்கொள்கிறோம், ரொம்ப நன்றி. பழைய மதில்சுவர் எங்கேயோ மிச்சம் இருக்கிறதாமே?

கொண்டித்தோப்பு:
ஓல்டு ஜெயில் ரோட்டில், மாடிப் பூங்கா என்று கேளுங்கள். 1760-களில் புது ஊரைச் சுற்றி எழுப்பிய மதிலில் தப்பித்த துண்டு, வால்டாக்ஸ் ரோட்டுக்குப் பெயர் வந்ததும் அந்த மதிலால்தான் (வால் என்றால் இங்கிலீஷில் மதில்). மண்ணடியிலிருந்து அம்மாவோடு ஆட்டோவில் போய்விடுங்கள், நடக்க வேண்டாம்.