பெஞ்ச் பிரஸ்ஸில் சூரன், களத்தில்?

முதலில் ஒன்று: நான் சொல்வது அமெரிக்கக் கால்பந்து. முதுகலை படித்தபோது கைச்செலவுக்காகப் பல்கலைக்கழக அணியின் வெயிட் ரூமில் வேலை பார்த்தேன். விடிவதற்குள் போய்க் கதவைத் திறக்க வேண்டும், இரும்பு எடைப் பிளேட்டுகளை அடுக்க வேண்டும், வியர்வைத் துண்டுகளைத் துவைக்கப் போட வேண்டும். சம்பளம் சொற்பம், வேடிக்கை இலவசம்.

அங்கே ஒரு லைன்மேன், அதாவது முன்வரிசையில் நின்று எதிராளியோடு மோதுகிறவன். 225 பவுண்டு, அதாவது சுமார் 102 கிலோவை, பெஞ்சில் படுத்து முப்பது தடவைக்கு மேல் தள்ளுவான். அவன் படுத்தாலே மற்றவர்கள் சுற்றி நின்று கத்துவார்கள். இன்னொருவன் பண்ணை வீட்டுப் பையன், பள்ளியில் மல்யுத்தம் ஆடியவன். இருபதைத் தொடுவதற்குள் கை நடுங்கும்.

வசந்தகாலப் பயிற்சியில் இருவரையும் நேருக்கு நேர் விட்டார்கள். மூன்று தடவையும் சூரன்தான் மல்லாந்தான். பந்து நகர்ந்ததுமே அவன் நிமிர்ந்துவிடுகிறான். மற்றவனோ இடுப்பைத் தாழ்த்தி, எதிராளியின் மார்புக்குள் கையைக் கொடுத்து, குட்டிக் குட்டி அடியாக வைத்துத் தள்ளிக்கொண்டே போகிறான். பலம் தரையிலிருந்து ஏறி வருகிறது. பெஞ்சில் முதுகைத் தாங்கப் பலகை இருக்கிறது. களத்தில் முதுகுக்குப் பின்னால், பந்தை எறிகிற குவாட்டர்பேக் அல்லவா நிற்கிறான்!

ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியர் நினைவிருக்கிறதா? ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் பெரிய டேக்கிள், முன்வரிசையின் ஓரத்தில் நிற்கிறவர். 2018இல் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் தேர்வு முகாமில் அதே 225 பவுண்டை 14 தடவைதான் தள்ளினார். 40 கெஜம் ஓட 5.85 விநாடி. கேலி பறந்தது, அணிகள் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் மூன்றாம் சுற்றுக்குச் சரிந்தார். அப்புறம் நான்கு முறை லீகின் நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்குத் தேர்வானார்.

நெப்ராஸ்காவின் லிங்கன் நகரத்திலிருந்து ஒரு பதில்

சார், வெயிட் ரூமை இப்படி மட்டம் தட்டினால் எங்கள் ஊரில் சண்டைக்கு வருவார்கள். என் பக்கத்து வீட்டுத் தாத்தா பாய்ட் எப்லி பெயரைச் சொல்லாமல் ஒரு ஆட்டம் பார்த்ததில்லை. எடை தூக்கினால் உடம்பு இறுகி வேகம் போய்விடும் என்று பயிற்சியாளர்கள் பயந்த காலம் அது. 1969இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் எப்லியை எடைப் பயிற்சியாளராக வேலைக்கு வைத்தது. கோலூன்றித் தாண்டிய ஆள். 1970, 1971 இரண்டு வருடமும் நெப்ராஸ்கா அணிக்குத் தேசியப் பட்டம். எல்லாம் இரும்பால்தான் என்பார் தாத்தா. எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை, ஆனாலும் மற்ற கல்லூரிகள் ஓடிவந்து காப்பியடித்தது உண்மை.

டெக்சாஸிலிருந்து ஒரு அம்மா

என் பையனுக்குக் கல்லூரியில் முதல் வருடம் ரெட்ஷர்ட், அதாவது அணியோடு பயிற்சி மட்டும். ஆடாமல் உட்கார வைத்துவிட்டார்களே என்று புலம்பினேன். அவனே சொன்னான்: "அம்மா, எனக்குப் பதினெட்டு. எதிரில் நிற்கிறவனுக்கு இருபத்திரண்டு. டெக்னிக் எல்லாம் சரி, அவன் என்னைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுகிறான்." அந்த ஒரு வருடம் ஸ்குவாட்டும் சாப்பாடும்தான். எங்கள் வீட்டு முட்டைச் செலவைக் கேட்காதீர்கள்.

முதலில் எழுதியவர் மீண்டும்

அக்கா சொல்வது சரி. பாதிக் கதையோடு நிறுத்திவிட்டேன். அந்தச் சூரனை ஆகஸ்ட் முழுக்கத் தாழ்வான இரும்புக் கூண்டுக்கு அடியில் பாயவிட்டார்கள். நிமிர்ந்தால் ஹெல்மெட் 'டங்' என்று இடிக்கும். முதல் வாரம் எங்கள் அறை வரை கேட்டது. மாதக் கடைசியில் சத்தமே இல்லை. சீசனின் முதல் ஆட்டத்தில் அவன் இறங்கினான். பண்ணைப் பையன் அவனுக்குப் பக்கத்து இடத்தில், பெஞ்சில் இன்னும் இருபதைத் தாண்டாமல்.