அமானுஷ்யம் என்பது பேயா?

*தம்பி:* பெரியப்பா, பேய்க்கதை சொல்லும் காணொளிகளில் ‘அமானுஷ்யம்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. அதற்குப் பேய் என்பதுதான் பொருளா?

*பெரியப்பா:* இல்லை. அது வடமொழிச் சொல். மனுவின் வழிவந்தவன் மனுஷ்யன். அவனைச் சார்ந்தது மானுஷம். அநீதி, அதர்மம் ஆகிய சொற்களில் வரும் அதே ‘அ’ இங்கும் முன்னே சேர்ந்து, மனிதரைச் சாராதது, மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்னும் பொருளைத் தருகிறது. அதற்குள் பேயும் அடங்கும், தெய்வமும் அடங்கும்.

*அத்தை:* அண்ணா, ‘அமானுடம்’ என்று எழுதுவது பிழையா?

*பெரியப்பா:* பிழையில்லை அம்மா. விஷம் விடம் என்றும், வருஷம் வருடம் என்றும் ஆனதைப் போன்ற திரிபுதான்.

*நான்:* எனக்கு அந்தச் சொல்லின் மீது ஒரு குறை உண்டு. அது மனிதன் அல்ல என்று விலக்குகிறதே தவிர, வேறு எது என்று சொல்வதில்லை. அச்சம் என்பது அதில் நாம் பின்னால் ஏற்றிய பொருள்.

*பெரியப்பா:* சரியாகப் பிடித்தாய். வருத்தும் தெய்வத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லான ‘அணங்கு’ அப்படியன்று. அணங்குதல் என்றால் வருத்துதல், வருந்துதல் என்று பொருள். ஆகவே அந்தப் பெயரே, அது நம்மை என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை (அரசன் முதலிய தலைவர்) என்னும் நான்கைக் கூறும்போது அணங்கைத்தான் முதலில் வைக்கிறது.

*அத்தை:* ஆனால் அழகிய பெண்ணையும் அணங்கு என்கிறார்களே!

*பெரியப்பா:* அழகும் வருத்தும் அல்லவா? திருக்குறளின் 109-ஆம் அதிகாரத்திற்குத் ‘தகையணங்குறுத்தல்’ என்றே பெயர். அதன் முதற்குறளில், எதிரே நிற்பவள் அணங்கோ, மயிலோ, மானுடப் பெண்ணோ என்று தலைவன் மயங்குகிறான்.

*தம்பி:* அப்படியானால் பேய் என்ற சொல்?

*பெரியப்பா:* பேம், நாம், உரும் ஆகிய மூன்றும் அச்சப் பொருளன என்பது தொல்காப்பிய உரியியல். அந்தப் ‘பேம்’ என்பதற்குப் பேய் உறவுச்சொல் என்பது என் எண்ணம்.

*நான்:* ஆளற்ற வீட்டைப் பற்றி எழுதுபவர்கள் ‘அமானுஷ்யமான அமைதி’ என்கிறார்கள். அங்கே மட்டும் அந்தச் சொல் தன் நேர்ப்பொருளுக்கே திரும்பிவிடுகிறது, பெரியப்பா. மனிதர் இல்லை, அவ்வளவுதான்.