பச்சை ஸ்மூத்தி குடிச்சு "நெறம் கூடின" கதை: உங்க வீட்டுல நடந்ததையும் சொல்லுங்க

பள்ளத்தூர் அத்தை:
ஸ்மூத்தி எப்படி அடிக்கிறதுன்னு சொல்ல வரலை, அது இப்ப எல்லாருக்கும் தெரியும். எங்க அண்ணன் மக கல்யாணத்துக்கு முந்தி கொஞ்ச காலம் காலையில இட்லி தோசை எதுவும் கிடையாது. பாலக், வெள்ளரிக்கா, புதினா, பச்சை ஆப்பிள், தயிர் போட்டு அடிச்சு ஒரு பெரிய கிளாஸ். அதைக் குடிச்ச கையோட ஒரு டபரா காபி. மதியச் சாப்பாடும் பேருக்குத்தான். அழைக்கப் போன வீட்டுல எல்லாம் "பிள்ளைக்கு நெறம் கூடியிருக்கே, என்ன குடுக்குறீங்க"ன்னு ஒரே கேள்வி. அண்ணமிண்டிக்கு (அண்ணன் பொண்டாட்டிக்கு) பெருமை தாங்கலை.

ஒரு நாள் வளவுல (வீட்டு உள்முற்றத்துல) உக்காந்து சாமான் கணக்குப் பேசிக்கிட்டு இருந்தோம். பங்காளி வீட்டு ஆச்சி ஒருத்தங்க, எண்பது வயசு இருக்கும், அவளைக் கிட்டக் கூப்பிட்டாங்க. இவங்களும் மெச்சத்தான் போறாங்கன்னு அவ சிரிச்சுக்கிட்டே குனிஞ்சா. ஆச்சி கட்டைவிரலால கீழ் இமையை இழுத்துப் பாத்துட்டு, "நெறமாவது ஒண்ணாவது, ரத்தம் இல்லாம வெளுத்துக் கெடக்குடி"ன்னாங்க. கிளாஸ் அப்பவும் அவ கையிலதான் இருந்துச்சு. டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 7.9. பொம்பளைகளுக்கு 12-க்குக் கீழ போனாலே ரத்தசோகை. படிச்சவங்க அத்தனை பேர் பாத்து நெறம்னு சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறலை.

தேவகோட்டை மருமக:
எங்க நாத்தனாருக்குத் தைராய்டு. மாத்திரையை ஒழுங்காப் போட்டும் டிஎஸ்எச் (தைராய்டுக்கு ரத்தத்துல பாக்குற அளவு) இறங்கவே இல்லை. டாக்டர் "எதோட முழுங்குறீங்க"ன்னு கேட்டாரு. இவங்க நிமிந்து உக்காந்து, "கீரையும் சோயாப் பாலும் அடிச்சு, அதோடதான் டாக்டர்"னாங்க. அவரு பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. அந்த மாத்திரை வெறும் வயித்துல, வெறும் தண்ணியில. அரை மணியிலேருந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் மத்தது. இரும்பு, கால்சிய மாத்திரைன்னா நாலு மணி நேரம் தள்ளி. இவ்வளவுதான் என் கதை.

கோட்டையூர்க்காரி:
பள்ளத்தூர் அத்தை, ஸ்மூத்தி மேல ஏன் பழி போடுறீங்க? காலைச் சாப்பாட்டை விட்டது, தயிரைக் கலந்தது, மேலயே காபி குடிச்சது, தப்பெல்லாம் அங்க இருக்கு. கீரையில இருக்குற இரும்பு உடம்புல சேர்றதே கஷ்டம். தயிர்ல உள்ள கால்சியமும் காபியும் அதையும் தடுத்துடும். வைட்டமின் சி இருந்தாத்தான் கொஞ்சமாவது சேரும்.

என் அனுபவம்னு பாத்தா, டவுன்ல ஒரு அழகு நிலையத்துல "பொலிவுக்கு"ன்னு பச்சைப் பொடி வித்தாங்க. இதுல என்னென்ன இருக்குன்னு கேட்டேன். அந்தம்மா பாக்கெட்டை மறுபக்கம் திருப்பி விலையைக் காட்டினாங்க. வாங்காம வந்துட்டேன்.

வீட்டுல போடுறவங்க இப்படிப் போடுங்க. முருங்கைக் கொழுந்து ஒரு கைப்பிடி, காம்பு ஒண்ணுகூட இருக்கக் கூடாது, இல்லாட்டி தொண்டையில நாரா நிக்கும். கொதிக்கிற தண்ணியில ஒரு நிமிஷம் போட்டு எடுத்தா பச்சை வாடை போயிரும். பெரிய நெல்லிக்கா ஒண்ணு கொட்டை நீக்கி, பாதி நாட்டு வாழைப்பழம், பேரீச்சை ரெண்டு. தண்ணிக்குப் பதிலா இளநீர். நெல்லிக்காயோட துவர்ப்பு பிடிக்கலைன்னா சின்னத் துண்டு இஞ்சி. முதல்ல கீரையையும் நெல்லியையும் கொஞ்சம் இளநீர்ல மைய அரைச்சுட்டுப் பிறகு பழம் போடுங்க, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா இலை திப்பிதிப்பியா நிக்கும். வடிகட்டாதீங்க, நார்ச்சத்து அதுலதான் இருக்கு. அடிச்ச உடனே, பலகாரத்தோட சேத்துக் குடிங்க. காபி ஒரு மணி நேரம் கழிச்சு. சர்க்கரை இருக்குறவங்க பேரீச்சையை விட்டுருங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க டாக்டரைக் கேக்காம திடீர்னு கீரையைக் கூட்டக் கூடாது, அதுல உள்ள வைட்டமின் கே மருந்தோட மோதும்.

ஆத்தங்குடி பேத்தி:
நான் பிரசவத்துக்கு அப்புறம் முடி கொட்டுதேன்னு ஆரம்பிச்சேன். (குழந்தை பிறந்து மூணு நாலு மாசத்துல கொட்டுறதும், பிறகு தானா நிக்கிறதும் சகஜம்னு அப்ப ஒருத்தரும் சொல்லலை.) அரைச்சு அடுப்படித் திண்ணையில வெச்சுட்டுப் பிள்ளை அழுவுதுன்னு உள்ள போயிட்டேன். திரும்பி வந்தா பக்கத்து வீட்டு ஆச்சி அஞ்சு விரலையும் அதுல முக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க! மருதாணின்னு நெனச்சுட்டாங்களாம். "இது குடிக்கிறது ஆச்சி"ன்னேன். கையை எடுக்காம என்னையவே பாத்தாங்க. "ஏண்டி, ஒங்க மாமியா சோறு போடுறாளா இல்லையா?" அன்னைக்குச் சாயந்தரமே கும்மாயம் கிண்டி, நெய் மிதக்க, தூக்குல கொண்டாந்து குடுத்தாங்க.

புதுவயல் டீச்சர்:
கோட்டையூர்க்காரி சொன்ன செய்முறை நல்லது, ஆனால் கணக்கு இடிக்கிறது. 100 கிராம் முருங்கை இலையில் இரும்பு ஏறக்குறைய 4 மில்லிகிராம். ஒரு கைப்பிடிக் கொழுந்து 20 கிராம் தேறினால் அதிகம். ஆக, ஒரு கிளாஸில் 1 மில்லிகிராம்கூட இல்லை, அதுவும் முழுதாகச் சேராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-ல் பெண்களுக்குச் சொன்ன அளவு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம். 7.9-ஐ எந்த ஸ்மூத்தியும் தூக்கிவிடாது.

எங்கள் பள்ளியில் வாரம் ஒரு நாள் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுப்போம். ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம். ஒரு நாள் வகுப்பில் திறக்காத ஜன்னல் ஒன்றை நெம்பித் திறந்தேன். இடுக்கில் இருந்து நீல மாத்திரைகள் பொலபொலவென்று கொட்டின. யார் என்று கேட்டேன். பிரேயரில் அடிக்கடி மயங்கி விழும் பெண்தான் எழுந்து, "நான் ஸ்மூத்தி குடிக்கிறேன் டீச்சர், இது எதுக்கு?" என்றாள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த எண்ணை எங்கே படித்தாலும் எனக்கு அந்த ஜன்னல்தான்.

இன்னொன்று. ஸ்மூத்தியில் எலுமிச்சை பிழிந்து வைத்தால் பச்சை மங்கிக் காக்கி நிறமாவது கெட்டுப்போனதால் அல்ல. புளிப்பு பட்டதும் பச்சையத்தில் உள்ள மக்னீசியம் விலகிவிடுகிறது, அவ்வளவுதான்.

கோட்டையூர்க்காரி:
டீச்சர், நான் மருந்துன்னு எங்க சொன்னேன்? ஆகாரம்னுதான் சொன்னேன்.

பள்ளத்தூர் அத்தை:
சண்டை வேண்டாம். அண்ணன் மகளுக்கு டாக்டர் மாத்திரை எழுதினாரு, வீட்டுல சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வறுவலும் ஈரலும் பழையபடி வந்துச்சு. மாலை மாத்துறப்ப ஹீமோகுளோபின் 11 இருந்துச்சு. பந்தியில ஒருத்தங்க, "முன்னைக்குப் பொண்ணு கொஞ்சம் கறுத்துட்டாளே"ன்னாங்க!

கானாடுகாத்தான் சின்னாச்சி:
பச்சையா அரைக்கிறவங்களுக்கு ஒண்ணு. எங்க பெரியம்மா தோல் சுருக்கம் போகும்னு தினமும் பாலக்கும் பாதாமும் பச்சையாவே அடிச்சுக் குடிச்சாங்க. நம்ம ஊரு வெயிலுக்குத் தண்ணி எவ்வளவு குடிக்கணும், அவங்க குடிக்கிறது ரெண்டு செம்பு. ஒரு ராத்திரி விலா ஓரத்துல வலி. பட்டாலைத் தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. ஸ்கேன்ல சிறுநீரகக் கல்லு. பாலக், பாதாம், பீட்ரூட் எல்லாத்துலயும் ஆக்சலேட் அதிகம்னு டாக்டர் சொல்லித்தான் தெரியும். பாலக்கை வேகவெச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டா கொஞ்சம் குறையுமாம். இப்ப மிக்ஸி பரண்ல இருக்கு, முருங்கைக்கீரைத் தண்ணிச்சாறு அடுப்புல இருக்கு.

கல்லு கரைய வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொல்லி யாரும் எழுதிராதீங்க. வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் சொல்லியாச்சு.