நாங்குநேரிப் பக்கம் பசங்களுக்குப் பாறை ஏறச் சொல்லித் தரலாமா?

சாயங்காலப்பள்ளி:
நாங்குநேரி பக்கத்துக் கிராமத்தில் சாயங்காலம் இலவச டியூஷன் நடத்துகிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் அம்மா பீடி சுற்றித்தான் அடுப்பு எரிகிறது. பத்தாவதோடு நின்று செங்கல் சூளைக்கும் லோடு ஏற்றவும் போகிற பையன்களும் உண்டு. ஊருக்கு வெளியே ஒரு பொத்தை, அதாவது சின்னப் பாறைக் குன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையானால் வெறுங்காலோடு அதில் தொற்றி ஏறுகிறார்கள், சொன்னாலும் கேட்பதில்லை. தடுப்பதைவிட முறையாகக் கயிறு கட்டிச் சொல்லிக் கொடுத்தால் என்ன? கபடி, கிரிக்கெட் என்றால் நன்றாக ஆடுகிறவன் மட்டும்தான் களத்தில், மற்றவன் ஓரமாக உட்கார்ந்திருக்கிறான். இது அப்படி இருக்காது என்று நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

தென்காசித்தம்பி:
அண்ணாச்சி, தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் வீடியோ பார்த்து ஆரம்பிக்க வேண்டாம். புதியவர்களுக்கு டாப் ரோப் முறைதான் சரி. கயிறு மேலே பாறையில் உறுதியாகப் பொருத்திய நங்கூரம் வழியாகப் போய்த் திரும்பி வரும், ஒரு முனை ஏறுகிறவன் ஹார்னஸில் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை), மறுபக்கம் கீழே நிற்கிறவனின் பிலே கருவியில் (கயிறு ஓடாமல் இறுக்கிப் பிடிக்கும் கருவி). கை நழுவினாலும் கொஞ்சம்தான் இறங்குவான். அந்த நங்கூரத்தைப் போடுகிறவர் பயிற்சி பெற்றவராக இருந்தே ஆக வேண்டும். உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்திலோ கர்நாடகத்து ஜெனரல் திம்மையா அகாடமியிலோ படித்தவர்கள் பெங்களூருப் பக்கம் கிடைப்பார்கள்.

கிணற்றுக் கயிறு, லாரிக் கயிறு ஆகவே ஆகாது. விழுகிற வேகத்தை வாங்கிக்கொண்டு நீளுகிற டைனமிக் கயிறு வேண்டும். யாராவது பழைய கயிறு தந்தாலும் வாங்காதீர்கள், அது எத்தனை விழுகையைத் தாங்கியது என்று பார்த்துச் சொல்ல முடியாது. பாறையில் மலைத்தேனீ அடை இருந்தால் அந்தப் பக்கமே போகக்கூடாது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பக எல்லைக்குள் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும், கழுகுமலை மாதிரி சிற்பம் உள்ள பாறையைத் தொடவே கூடாது. அப்புறம் சித்திரையில் விடிந்ததும் ஏறி முடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் பாறையில் கை வைக்க முடியாது.

அம்பை டீச்சர்:
நான் அரசுப் பள்ளியில் இருக்கிறேன். நம் பக்கம் பையன்கள் மணிக்கட்டில் கட்டும் கலர் கயிறு சாதியைக் காட்டத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். 2023-இல் நாங்குநேரியில் சாதி வெறியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் பள்ளியில் வேண்டாம் என்றது. நாங்கள் கழற்றச் சொன்னால் வாசல் தாண்டியதும் மறுபடி கட்டிக்கொள்கிறான். பாறையில் மோதிரம் சிக்கினால் விரல் சதையே உரிந்து வந்துவிடும், அதனால் எந்த ஊரில் ஏறினாலும் முதலில் கழற்றத்தான் சொல்வார்கள். அதோடு மணிக்கட்டுக் கயிற்றையும் கழற்றச் சொல்லுங்கள், யாரும் வீம்பு பிடிக்க மாட்டான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். யாருக்கு யார் கயிறு பிடிப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். விட்டால் தன் தெருப் பையனுக்குத்தான் பிடிப்பான். ஏறும் முன் இவன் அவன் இடுப்பில் பக்கிளை இழுத்துப் பார்த்து, கயிற்றை ஹார்னஸில் கட்டும் எட்டு வடிவ முடிச்சைத் தொட்டுப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். அவனும் இவனுடையதைப் பார்க்க வேண்டும். ஒரே பெஞ்சில் உட்கார மறுக்கிற இரண்டு பேரை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பழகும்வரை பிடிக்கிறவனுக்குப் பின்னால் இன்னொருவனும் கயிற்றைப் பிடித்து நிற்கட்டும்.

பாளை மனநலம்:
டீச்சர் சொன்னதுதான் முக்கியம். கூடவே ஒன்று, ஏறினால் மனசு சரியாகிவிடும் என்று பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள். ஜெர்மனியில் எர்லாங்கன் பல்கலைக்கழகக் குழு மனச்சோர்வு உள்ளவர்களுக்கு உள்ளரங்கச் சுவர் ஏற்றத்தைச் சிகிச்சையாகச் செய்து, 2015-இல் நல்ல பலன் தெரிந்ததாக வெளியிட்டது உண்மைதான். ஆனால் அவர்கள் பெரியவர்கள், வாராவாரம் சிகிச்சையாளர் கூடவே இருந்தார். ஒரு நாள் முகாம் போட்டு, பேனர் கட்டிப் போட்டோ எடுத்துப் போய்விட்டால், ஏற்கெனவே பலர் விட்டுப்போன பிள்ளைகளுக்கு அது இன்னொரு ஏமாற்றம். மாதம் இரண்டு ஞாயிறு என்றாலும் நிறுத்தாமல் நடத்துங்கள். பெண் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், ஹார்னஸ் மாட்டிவிட ஒரு பெண் பயிற்சியாளர் இருக்கட்டும்.

சாயங்காலப்பள்ளி:
எல்லோருக்கும் நன்றி. பொத்தை புறம்போக்கா, வனத்துறை நிலமா என்று நாளைக்கு வி.ஏ.ஓ.விடம் கேட்கிறேன். தம்பி, பெங்களூரில் தெரிந்த பயிற்சியாளர் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், பெண்ணாக இருந்தால் ரொம்ப நல்லது.