பதினோரு வாரக் குழந்தைக்கு உரை மருந்து கொடுக்கலாமா? மாமியிடம் எப்படிச் சொல்வது?

சிப்புட் மருமகள் கேட்கிறார்:

வணக்கம். நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். ரப்பர் தோட்டம் செம்பனைக்கு மாறி, தொழிலாளர்களின் பழைய லயங்களை இடித்த பிறகு வந்த தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. கணவருக்கு ஈப்போவில் ஷிப்ட் வேலை. பகல் முழுக்க நான், மாமி, குழந்தை மூன்று பேர்தான்.

மகளுக்கு இன்றோடு பதினோரு வாரம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிறாள். சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், முகம் சிவந்து, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு எட்டு எட்டரை வரைக்கும் அழுகிறாள். நான்கு நாளாக மூக்கடைப்பும் சேர்ந்துவிட்டது. இரண்டு வாய் குடித்ததும் மூச்சுக்காக விட்டுவிடுகிறாள். காய்ச்சல் இல்லை.

"இது மாந்தம், உரை மருந்து கொடுத்தால் நின்றுவிடும்" என்கிறார் மாமி. விளக்கில் சுட்ட வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் இவற்றைக் கல்லில் இழைத்து, தேனில் குழைத்து நாக்கில் தடவ வேண்டுமாம். சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்க்க வேண்டும். வயிறு சுத்தமாவதற்கு வேப்பெண்ணெய் வேறு. அதற்குப் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறார். பாட்டிலில் பெயர்கூட இல்லை.

ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்று கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) சொன்னதைச் சொன்னேன். மாமி ஒன்றும் பேசவில்லை. இரவு பாத்திரம் கழுவும்போது, "நாங்கள் வளர்க்காத பிள்ளைகளா" என்று மட்டும் சொன்னார். நாற்பது நாளும் வெந்நீர் ஊற்றி, பத்தியச் சோறு போட்டு என்னைத் தேற்றியவர் அவர்தான். அவர் மனம் நோகக் கூடாது, குழந்தைக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. என்ன செய்யட்டும்?

பேராக் அப்பா:

தங்கச்சி, என் இரண்டு பிள்ளைகளும் வசம்பில் வளர்ந்தவர்கள்தான். பாட்டி கையால் வாரம் ஒரு தடவை கொடுப்பார். பையன் இப்போது படிவம் நான்கு, நன்றாக இருக்கிறான். கொஞ்சமாகத் தடவினால் ஒன்றும் ஆகாது என்பது என் அனுபவம். ஆனால் வேப்பெண்ணெய் நாங்கள் கொடுத்ததில்லை. அதைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஆயா மகள்:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படிம்மா. நான் முப்பத்திரண்டு வருடம் கிளினிக் டேசாவில், அதாவது கிராமத்து அரசாங்கக் கிளினிக்கில், மிஸ்ஸியாக இருந்து ஓய்வு பெற்றவள். அதற்கு முன்னால் நான் ஆயா மகள். என் அம்மா தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். விடிவதற்குள் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து தாய்மார் ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார்கள். கொட்டகையில் வரிசையாகத் துணித் தொட்டில்கள் தொங்கும். எந்தப் பிள்ளை பசியில் அழுகிறது, எது வயிற்று வலியில் அழுகிறது என்று அம்மா திரும்பிப் பார்க்காமலே சொல்வார்.

அவருடைய உரைகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. இழைத்து இழைத்து நடுவில் கட்டைவிரல் பதியும் அளவு குழி விழுந்திருக்கும். விளக்கெண்ணெய் விளக்கில் வசம்பைப் பிடித்துக் கரியாகச் சுட்டு, தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டு, ஐந்து சுற்று இழைப்பார். ஆறாவது சுற்று கிடையாது. அந்தக் கணக்கை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. உங்கள் மாமிக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கும். அதனால் அவரை அறியாதவர் என்று நினைக்க வேண்டாம்.

இருந்தாலும் என் பேரப் பிள்ளைகள் வாயில் அந்தக் கல்லிலிருந்து ஒரு சொட்டுகூட நான் வைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வேப்பெண்ணெய். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது தம்பிக்கு ஏழு மாதம். சளியும் மலச்சிக்கலும் இருந்தது என்று அம்மாவே ஒரு கரண்டி வேப்பெண்ணெய் ஊற்றினார். காலையில் கொடுத்தது. மதியத்துக்குள் வாந்தி. அப்புறம் கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. நாய் இரைப்பது போல மூச்சு. கை கால் இழுத்தது. தோட்டத்து மருந்தகத்து டிரெஸர் வந்து பார்த்துவிட்டுத் தோட்டத்து லாரியிலேயே டவுனுக்கு அனுப்பினார். அம்மா மடியில் தம்பி, நான் அவர் பக்கத்தில். பதினொரு நாள் வார்டில் இருந்து பிழைத்தான். வீட்டுக்கு வந்த அன்றே அம்மா அந்தப் பாட்டிலைக் கிணற்றடிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். அதைப் பற்றி அவர் பிறகு பேசியதே இல்லை.

நான் பயிற்சிக்குப் போனபோதுதான் அன்று நடந்தது என்னவென்று புரிந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்துக் குழந்தை மருத்துவர்கள் 1981இல் லான்செட் மருத்துவ இதழில் இதை எழுதியிருந்தார்கள். வேப்பெண்ணெய் குடித்த குழந்தைகளுக்குச் சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், வேக மூச்சு, வலிப்பு. ஈரலும் மூளையும் தாக்கப்படுகின்றன. வேறு எந்த நாட்டுச் சங்கதியோ என்று ஒதுக்கிவிட முடியாது, நம் நாட்டிலேயே நம் பிள்ளைகளிடம் பார்த்து எழுதியது. அதனால் அந்தப் பாட்டில் விஷயத்தில் மட்டும் மாமியின் மனம் நோகுமே என்று பார்க்க வேண்டாம். ஒரு சொட்டும் வேண்டாம். வேப்பிலை வாசலில் தொங்கட்டும், அம்மைப் பிள்ளையின் படுக்கையில் கிடக்கட்டும். எண்ணெய் வாய்க்குள் போகக் கூடாது.

அடுத்தது தேன். ஒரு வயது முடியும்வரை தேன் கிடையாது, நாக்கில் தடவக்கூட. தேனில் ஒரு கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் வயிற்றில் அவை வளராது. சின்னக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைக் கக்கும். முதலில் மலம் கட்டும், பிறகு அழுகுரல் மெலிந்து, உறிஞ்சும் வலு போய், உடம்பு துவண்டுவிடும். வீட்டு அடுப்பில் காய்ச்சினால் அந்த வித்து சாகாது. மலைத் தேன், சுத்தத் தேன் என்றாலும் இதேதான்.

வசம்புக்கு வருகிறேன். பெயர் சொல்லக் கூடாது என்று 'பிள்ளை மருந்து' என்றே என் அம்மா சொல்வார், அவ்வளவு மரியாதை அதன் மேல். ஆனால் அதில் பீட்டா-அசரோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் வந்ததால் அமெரிக்காவில் 1968இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். ஐந்து சுற்றில் எவ்வளவு இறங்குகிறது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. ஜாதிக்காயும் அப்படித்தான், அளவு மீறினால் மயக்கும். பிள்ளை அமைதியாகத் தூங்குகிறது என்று நாம் சந்தோஷப்படுவது சில நேரம் அந்த மயக்கம்தான். கல்லில் ஒட்டியிருக்கும் பழைய பாலும் தூசியும் வேறு சேரும்.

பேராக் அப்பாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைகள் நன்றாக இருப்பது எனக்குச் சந்தோஷம். கொட்டகையில் என் அம்மா கையால் வாங்கிக்கொண்ட பிள்ளைகளிலும் பெரும்பாலோர் நன்றாகத்தான் வளர்ந்தார்கள். நான் வார்டில் பார்த்தது மீதிப் பேரை.

இப்போது உன் மகளின் அழுகை. சாயங்கால அழுகை பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். பதினோராவது வாரத்தில் உரை மருந்து கொடுத்தால் பதினாலாவது வாரத்தில் நிற்கும். கொடுக்காவிட்டாலும் அனேகமாக அப்போதுதான் நிற்கும். மருந்து கேட்டது என்று பாட்டிமார் நம்பியதில் வியப்பில்லை.

மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் குழந்தைகளுக்கான உப்புநீர்ச் சொட்டு கேள். பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு மூக்கிலும் ஓரிரு சொட்டு விட்டு, இளகிய சளியைத் துடைத்துவிட்டுக் கொடு. மூக்கில் எண்ணெய் விடச் சொன்னால் சம்மதிக்காதே, அது நுரையீரலுக்குள் இறங்கும். அவள் தூங்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுசாக எண்ணு. இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் இருந்தால், நெஞ்சு உள்ளே குழிந்தால், பால் பாதிக்குக் குறைந்தால், உடனே போ. மூன்று மாதம் ஆகும்வரை 38 டிகிரி காய்ச்சல் வந்தாலும் அதே நேரத்தில் போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கிள்ளான் அக்கா:

ஆயா மகள் சொன்னதோடு பாட்டில் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். நம் நாட்டில் விற்கும் பாரம்பரிய மருந்துக்கு எம்-ஏ-எல் (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் டி (T) என்ற எழுத்தும் கொண்ட பதிவு எண் இருக்க வேண்டும், பளபளக்கும் ஹோலோகிராம் வில்லையும் ஒட்டியிருக்கும். அது இல்லாததை பிள்ளைக்கு வாங்காதீர்கள். எண் இருந்தால் மட்டும் குழந்தைக்கு ஏற்றது என்று ஆகிவிடாது, எந்த வயதுக்கு என்றும் படிக்க வேண்டும். ஊரிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் பொடி, கண் மை இரண்டிலும் எனக்குப் பயம் உண்டு. சிலவற்றில் ஈயம் கலந்திருக்கும்.

சிப்புட் மருமகள்:

ஆன்ட்டி, தம்பி கதையைப் படித்துவிட்டு எழுந்து போய் முதலில் அந்தப் பாட்டிலை மேல் அலமாரிக்கு மாற்றினேன். இன்னும் இரண்டு சந்தேகம். கற்பூர எண்ணெய் வெளியில் தேய்ப்பதுதானே, அதுவுமா கூடாது? வெற்றிலை வாட்டி வயிற்றில் போடலாமா? மாமியிடம் "எதுவும் வேண்டாம்" என்று மட்டும் போய் நிற்க எனக்கு வாய் வரவில்லை.

ஆயா மகள்:

எதுவும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லைம்மா. உள்ளுக்கு வேண்டாம், மேலுக்குச் செய்யலாம் என்று சொல். அதில் கற்பூரம் மட்டும் விலக்கு. சின்னக் குழந்தையின் தோல் வழியாகவும் அது உள்ளே போகும். கட்டியை விழுங்கிவிட்டால் சில நிமிடத்திலேயே வலிப்பு வரலாம். இரண்டு வயது வரை வேண்டாம். சாமி மேடைக் கற்பூர டப்பாவையும் உயரத்தில் வை, நாலு மாதத்தில் புரளுவாள், அப்புறம் தவழுவாள்.

இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி-6-பி-டி (G6PD, இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) சோதனை செய்திருப்பார்கள். குழந்தையின் பதிவுப் புத்தகத்தில் முடிவைப் பார். குறைபாடு என்று இருந்தால் பாச்சை உருண்டை போட்ட பெட்டியில் வைத்த துணிகூட ஆகாது, இரத்தம் உடைந்து மஞ்சள் காமாலை வரும்.

வெற்றிலை தாராளமாக. துளி எண்ணெய் தடவி, அனலில் காட்டி, முதலில் உன் கன்னத்தில் வைத்துப் பார். உனக்கு இதமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஆறவிட்டுப் பிறகு அவள் வயிற்றில். மாமி கையில் தேங்காய் எண்ணெயைக் கொடு. கடிகாரம் சுற்றும் பக்கமாகத் தொப்புளைச் சுற்றி மெதுவாக நீவி, இரண்டு முழங்காலையும் வயிற்றுக்கு மடக்கி நீட்டட்டும். அதற்கு என் அம்மா கை மாதிரி ஒரு கை வேண்டும், உன் மாமிக்கு அது இருக்கும். ஓமம், பூண்டு, சுக்கு எல்லாம் உன் சாப்பாட்டில் போட்டுச் சமைக்கட்டும். ஒரு வயது தாண்டி இருமல் வந்தால் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், இருமல் தணியும். அதை அப்போது மாமி கையாலேயே கொடுக்கச் சொல்.

தம்பி கதையை அவரிடம் சொல். ஒரு ஆயா கையாலேயே அது நடந்தது என்றும் சேர்த்துச் சொல்.

சிப்புட் மருமகள்:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். சொன்னேன் ஆன்ட்டி. மாமி வெகுநேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், தான் பிறந்த தோட்டத்திலும் ஒரு பிள்ளை இப்படித்தான் இழுப்பு வந்து போனது, காற்று சேட்டை என்று சொன்னார்கள் என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

நேற்று இரவு அவரே மூக்குக்கண்ணாடி போட்டு, மாமாவின் பழைய கைக்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினார். 42. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணினார், 41. பால் நன்றாகக் குடிக்கிறாள். ஆறு மணி அழுகை அப்படியேதான் இருக்கிறது, மாமி நீவிவிடும்போது கொஞ்சம் அடங்குகிறது. வேப்பெண்ணெயை வாசல் விளக்குக்கு ஊற்றிவிட்டார், கொசுவுக்கு ஆகுமாம். பதிவுப் புத்தகத்தில் ஜி-6-பி-டி சரியாக இருக்கிறது. கற்பூர எண்ணெய் விஷயத்தில் மட்டும் அவருக்கு இன்னும் சமாதானம் இல்லை. அடுத்த வாரம் மூன்று மாத ஊசிக்குப் போகும்போது மாமியையும் கூட்டிக்கொண்டு போகிறேன். மிஸ்ஸியிடம் அவரே கேட்கட்டும்.