யுஎஸ்பி டிரைவரில் தாமதம்: எங்கே தேடுவது?

வணக்கம் நண்பர்களே. விசை அளக்கும் யுஎஸ்பி சென்சர் ஒன்றுக்கு, லினக்ஸ் 6.12 கர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நிகழ்நேர வசதியை (வேலைகள் குறித்த நேரத்துக்குள் நடக்க உதவுவது) இயக்கிவிட்டு டிரைவர் (சாதனத்தைக் கையாளும் நிரல்) எழுதி வருகிறேன். மோட்டாரைக் கட்டுப்படுத்த 1 மில்லிவினாடிக்கு ஓர் அளவீடு தவறாமல் வேண்டும். திடீரென்று 4 மில்லிவினாடி வரை தாமதமாகிறது.

யுஎஸ்பியில் ஹோஸ்ட் (கணினிப் பக்கம்) கேட்டால்தான் சாதனம் பதில் தரும். ஹை ஸ்பீடு என்ற யுஎஸ்பி வேகத்தில் மைக்ரோஃபிரேம் எனும் நேரத்துண்டு 125 மைக்ரோவினாடி. 8 மைக்ரோஃபிரேமுக்கு, அதாவது 1 மில்லிவினாடிக்கு, ஒருமுறை ஹோஸ்ட் கேட்கிறது. கணக்கு சரிதான். 4 யுஆர்பிகளை (யுஎஸ்பி தரவுக் கோரிக்கைகள்) வரிசையில் வைத்ததும் அளவீடுகள் தொலைவது நின்றது, தாமதம் நிற்கவில்லை. யுஎஸ்பி கன்ட்ரோலரின் குறுக்கீட்டு இழைக்கு (அதன் சமிக்ஞைகளைக் கவனிக்கும் கர்னல் இழை) முன்னுரிமையை 50இலிருந்து 85ஆக உயர்த்தியும் பயனில்லை. நெட்வொர்க்கில் பெரிய கோப்பு நகரும்போதுதான் இது நேர்கிறது; சாஃப்ட்ஐஆர்க்யூ (குறுக்கீட்டின் மிச்ச வேலையைக் கர்னல் பிறகு செய்யும் முறை) வரிசையில் நெட்வொர்க் வேலைகளுக்குப் பின்னால் என் யுஆர்பி காத்துக் கிடக்கிறதோ என்று சந்தேகம்.

ஐசோக்ரோனஸ் எனும் சீரான நேர யுஎஸ்பி அனுப்பு முறைக்கு மாற மனம் வரவில்லை. பிழையான பொட்டலம் அதில் மறுபடி அனுப்பப்படாது. எஃப்ட்ரேஸில் (கர்னல் நிகழ்வுகளைப் பதியும் கருவி) எந்த நிகழ்வுகளைப் பின்தொடர்ந்தால் இந்தக் காத்திருப்பு பிடிபடும்? இதே பாதையில் சென்றவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.